எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாதாம்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் என் அனுபவத்தில் இருந்து இரண்டு வார்த்தை எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். இரண்டு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்தவளாக இருந்தால் பாரிசில் எங்கள் சனம் கூடும் லாச்சப்பலில் ஒரு விமான ரிக்கெட் கடையில் நான் ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். அதனால் ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கணினி வேலையில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நான் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ரிக்கெட் போட்ட காலத்தில் நீங்கள் பள்ளிக்கூடப் பையோடு திரிந்திருப்பீர்கள். விலை பார்ப்பது, திகதி மாற்றுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட வேகமாக வருகிறது. நான் தமிழில் கேட்டால் நீங்கள் பிரெஞ்சில் பதில் சொல்கிறீர்கள், அதிலும் எனக்குக் கோபம் இல்லை. நான் சொல்ல வந்தது மேசைக்கு மறுபக்கத்தில் வந்து நிற்கும் ஆட்களைப் பற்றி. ரிக்கெட்டைக் கையில் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். போனவர் முழுசாகத் திரும்பி வந்து, கடை வாசலில் நின்று, "என்ன ரிக்கெட் போட்டனீங்கள், காலை நீட்டவும் இடமில்லை" என்று ஏசினால்தான் எனக்கு அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு. அந்த ஏச்சு கேட்காத நாட்களில் எனக்கு நித்திரை குறைவு.

எங்கள் ஈழத்துச் சனத்துக்குப் பயணம் என்றால் பயம் உண்டு. எச்சரிக்கையும் உண்டு. ஆனால் அந்த எச்சரிக்கை ஒரு தனி ரகம். ஒரு குடும்பத் தலைவர் வீட்டில் எல்லாருடைய பாஸ்போட், அடையாளக் காட், ரிக்கெட் எல்லாவற்றையும் ஒரே இடுப்புப் பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டார். "என்ரை இடுப்பிலை இருக்கேக்கை ஆர் தொடுறது?" என்றார். கார் து நோர் ரயில் நிலையத்தில் யாரோ தொட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் தன் தன் பாஸ்போட்டை வைத்திருந்தால் ஒருவர்தான் நின்றிருப்பார். இப்போது குடும்பமே நின்றது. இன்னொரு அம்மா லண்டன் கலியாணத்துக்குப் பஸ் ஏறும்போதே முழு நகையையும் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டியில் வைத்தால் களவு போய்விடுமாம். கழுத்தில் போட்டால் கள்ளனுக்குத் தேடுகிற வேலை மிச்சம் என்று நான் சொன்னேன். அதன்பிறகு அவர் என்னிடம் ரிக்கெட் வாங்கவில்லை.

இவையெல்லாம் சில்லறை. இவை எல்லாவற்றுக்கும் தலையான ஒன்று இருக்கிறது. பயணம் வெளிக்கிடும் ஆளைப் பார்த்து "எங்கை போறாய்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. மிஞ்சிப் போனால் "தூரமோ?" என்று கேட்கலாம். போகிறவரும் "போறன்" என்று சொல்லக் கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் வீடுகளிலும் இது இருக்கும். இதோடு கண்ணூறுப் பயம் சேரும். அதோடு இந்தத் தெருவின் வாயும் சேரும். "அகதிக் காட்டை வைச்சுக்கொண்டு அவன் ஊருக்குப் போறானாம்" என்று காலையில் மரக்கறிக் கடையில் ஒருவர் தொடங்கினால், மத்தியானம் சலூனில் அது உறுதியான செய்தி. ஆகவே எங்கள் ஆட்கள் பயணத்தை மூடி மறைப்பார்கள். வெளியில் சொல்வது ஒரு ஊர், ரிக்கெட்டில் இருப்பது வேறு ஊர். எங்கே என்று கேட்காமல் ரிக்கெட் விற்பது எப்படி என்று நான் முதல் மாதத்திலேயே தலையில் கை வைத்தேன். "எந்தப் பக்கம்?" என்று கேட்கப் பழகினேன். அதற்கே சிலர் திரும்பிப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

ஜெயசீலனும் அப்படித்தான் வந்து நின்றான். அது அவன் உண்மைப் பெயர் இல்லை. உண்மைப் பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவான். எங்கள் கடையில் இருந்து நாலைந்து வாசல் தள்ளி இருந்த சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு அறையில் கூட்டாளிகளோடு இருந்தான். வன்னியில் இருந்து, சண்டை முடிந்த பிறகு, எப்படியெல்லாமோ வந்து சேர்ந்தவன். அகதி வழக்கு முடிந்து காட் கிடைத்து, கடைசியில் அகதிகளுக்குப் பிரான்ஸ் கொடுக்கும் பயணப் புத்தகமும் கிடைத்திருந்தது. அந்தப் புத்தகத்தோடு எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போகக் கூடாது. அவனுடைய அம்மாவும் தங்கச்சியும் கிளிநொச்சியில். அவர்களைப் பார்த்து நாலு வருடத்துக்கு மேல். இப்படிப்பட்டவர்கள் செய்வது ஒன்றுதான்: அம்மா அங்கிருந்து இந்தியாவுக்கு வருவார், பிள்ளை இங்கிருந்து இந்தியாவுக்குப் போவான். இவர்கள் திருச்சியில் சந்திப்பதாக ஏற்பாடு.

"அக்கா, கொழும்பாலை போனால் மலிவாம்" என்றான்.

"மலிவுதான். அங்கை இறக்கி வைச்சு, பிரான்சிலை என்னத்தைச் சொல்லி அகதிக் காட் எடுத்தனீ எண்டு கேட்டால்?"

"இறங்கத் தேவையில்லை அக்கா. பிளேன் மாறுறது மட்டும்தானே."

"பிளேன் நேரத்துக்குப் போனால் நீ நினைச்ச இடத்திலை இருப்பாய் தம்பி. பிந்தினால் அவை நினைச்ச இடத்திலை இருப்பாய்."

அவன் வளைகுடா வழியாகப் போகும் ரிக்கெட்டுக்குத் தலையாட்டினான். இதை நீங்களும் மனதில் வையுங்கள். விமானம் எங்கே போகிறது என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். பிந்தினால் எங்கே நிற்கும், அங்கே நிற்க இந்த ஆளுக்கு முடியுமா என்பதை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது அவசரத் தொடர்புக்கு ஒரு நம்பர். அவன் தன் நம்பரையே சொன்னான்.

"உனக்கு ஏதும் நடந்தால் உனக்கே போன் எடுத்துச் சொல்லவோ?"

சிரித்தான். "ஒருத்தருக்கும் சொல்லேல்லை அக்கா. சொன்னால் தட்டிப் போகும்."

"அம்மாவுக்காவது?"

"இந்தக் கிழமை வருவன் எண்டு தெரியும். எந்த நாள், எந்தப் பிளேன் எண்டு சொல்லேல்லை. அவவும் கேக்க மாட்டா. அம்மா அதிலை கடுமை."

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் கடை நிறையச் சனம். அந்தப் பயணப் புத்தகத்தை மட்டும் எவன் கேட்டாலும் கையில் கொடுக்காதே, குளிக்கும்போதும் கண் பார்வையில் வைத்திரு என்று பயமுறுத்தி அனுப்பினேன். அம்மாவும் தங்கச்சியும் தங்க, திருச்சி பஸ் நிலையத்துக்குக் கிட்ட எங்களுக்குப் பழக்கமான லொட்ஜில் அறை போட்டுக் கொடுத்ததும் நான்தான். அந்த அறைதான் பிறகு உதவியது.

அவன் ஒரு பின்னேரம் புறப்பட்டான். அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்து, நான் கோப்பியில் வாய் வைக்க முன்னர் போன் அடித்தது. இந்திய நம்பர். ஒரு பிள்ளையின் குரல், அழுகையை விழுங்கி விழுங்கிப் பேசியது.

"நான் வதனி. ஜெயசீலன்ரை தங்கச்சி. இஞ்சை லொட்ஜிலை கீழை இருக்கிறவர்தான் உங்கடை நம்பரைத் தந்தவர். எங்களுக்குப் பாரிசிலை வேறை ஒருத்தரையும் தெரியாது அக்கா."

அவள் சொன்னது இதுதான். விடிய, தெரியாத நம்பரில் இருந்து அண்ணன் எடுத்திருக்கிறான். "வழியிலை நிக்கிறன், பிந்தும், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டான். வழியில் என்றால் எந்த வழி? அதைச் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. பிறகு அதே நம்பரில் இருந்து வேறு ஒருவன் எடுத்தானாம். நல்ல எங்கட தமிழ். உங்கடை மகனுக்கு போன் தந்து உதவினது நான்தான் என்றானாம். அவரைப் பிடிச்சு வைச்சிருக்கினம், புத்தகத்திலை பிழையாம், இண்டைக்கே கொழும்புக்கு ஏத்தப் போயினமாம் என்றானாம். உள்ளுக்கு ஆளைத் தெரியும், ஆனால் கையில் ஏதும் வைக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் ஒருவர் லொட்ஜுக்கு வருவார், இருக்கிற நகையைக் கொடுத்துவிடுங்கள், ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டக் கூடாது, காட்டினால் மகனுக்குத்தான் ஆபத்து என்றும் சொன்னானாம்.

"பொய்யன் எண்டு நினைச்சன் அக்கா. ஆனால் அவருக்கு எல்லாம் தெரியுது. அப்பான்ரை பேர், பள்ளிக்கூடம், நாங்கள் இருந்த குறிச்சி, அண்ணா சாப்பாட்டுக் கடையிலை வேலை செய்யிறது, எல்லாம்." பிறகு சொன்னாள்: "அம்மா காப்பைக் கழட்டிப் போட்டா."

பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற சொல் வன்னியில் இருந்து வந்த ஒரு தாய்க்கு என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போர் முழுக்க மடியில் கட்டிக் காப்பாற்றிய காப்புகள் அவை. பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "காப்பென்ன காப்பு, பிள்ளை வந்தால் போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படியான நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது போனில் இருப்பது யார் என்று பார்ப்பது. ஒரு வாடிக்கையாளரின் பயண விபரத்தை வேறு ஒருவருக்குச் சொல்லக் கூடாது, அழுது கேட்டாலும் கூடாது. அறை யாருடைய பெயரில், பாஸ்போட்டில் உள்ளபடி முழுப் பெயர் என்ன என்று கேட்டேன். சரியாகச் சொன்னாள். அதன்பிறகுதான் பேசினேன்.

"பிள்ளை, நீயும் அம்மாவும் அறையைப் பூட்டிப்போட்டுக் கீழை வந்து, ஆக்கள் இருக்கிற இடத்திலை இருங்கோ. ஆர் வந்தாலும் ஒண்டையும் குடுக்காதேங்கோ. நான் திருப்பி எடுக்கிறன்."

லொட்ஜ்காரரோடும் பேசினேன். "யாரு வந்தாலும் என்னைத் தாண்டித்தான் போகணும், நீங்க கவலைப்படாதீங்கம்மா" என்றார். திருச்சித் தமிழ் அன்றைக்கு எனக்குத் தேவாரம் மாதிரி இருந்தது.

விமானக் கம்பனியின் பாரிஸ் அலுவலகத்துக்கு எடுத்தேன். விமானம் இங்கிருந்தே பிந்தித்தான் கிளம்பியது, திருச்சிக்கு மாறிப் போக வேண்டியவர்கள் எல்லாரும் அடுத்த விமானத்தைத் தவறவிட்டுவிட்டார்கள், நாளை விடியத்தான் அவர்களை ஏற்றுவோம் என்றார்கள். குறிப்பிட்ட ஒரு பயணியைப் பற்றிக் கேட்டேன். சொல்ல முடியாது, மதாம் என்றார்கள். நான் வதனியிடம் பின்பற்றிய அதே சட்டம், இப்போது என் தலையில் விழுந்தது. ஆக, பிந்தியது உண்மை. பிடித்தது உண்மையா பொய்யா என்று மட்டும் தெரியவில்லை. ஜெயசீலனுடைய போன் செத்துக் கிடந்தது. அவசரத் தொடர்பு நம்பர் எது? அதே செத்த போன்தான்.

போனில் பேசிய அந்த மனிதனுக்கு எல்லாம் தெரிகிறதே என்று வதனி சொன்னது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பிறகு யோசித்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. உலகத்தின் எந்த மூலையிலும் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "எந்த இடம்?" அடுத்தது "ஆற்றை மகன்?", யாருடைய மகன் என்று. அதற்கடுத்தது "அப்ப இன்னாரைத் தெரியுமோ?" தேத்தண்ணி ஆறுமுன் ஒரு சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். கூட ஒரே அறையில் படுப்பவனுக்குச் சொல்லாத பயணத்தை, விமான நிலையத்து வாங்கு இருக்கையில் பக்கத்தில் இருந்தவனுக்கு ஜெயசீலன் அவிழ்த்துக் கொட்டியிருப்பான். ஊர்த் தமிழ் காதில் விழுந்தால் போதும், எங்கள் ஆட்களின் வாய்க்குப் பூட்டே கிடையாது.

அப்படியென்றால் அந்த மனிதனுக்கு எதுதான் தெரியாது? ஊர், பள்ளிக்கூடம், அப்பா பெயர் என்று எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவான்.

யாராவது ஒருவரோடாவது ஜெயசீலன் போனில் பேசியிருப்பானோ என்று சாப்பாட்டுக் கடைக்கு நடந்தேன். முதலாளி வாசலில் மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டு நின்றார். இந்தியாக் கதையை அவருக்கு நான் அவிழ்க்க முடியாது. அவன் அறியாமல் அது வெளியே போகக் கூடாது.

"தம்பி ஜெயசீலன் நிக்கிறாரோ அண்ணை?"

"அவன் லியோனுக்கெல்லோ போட்டான், சிநேகிதன்ரை கலியாணமாம். சனி ஞாயிறும் சேத்து ஒரு கிழமைக்கு எனக்குக் குசினியிலை ஆளில்லை. கலியாணம் வைக்கிறவனும் நாள் பாத்துத்தான் வைக்கிறான்."

நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். பின்னால் தள்ளுவண்டியோடு வந்தவர் என்னை ஏசினார். லியோன். உண்மையை எல்லாம் எவனுக்கும் சொல்லிவிடலாம். தான் சொன்ன பொய்யை யாராவது முன்பின் தெரியாதவனுக்குச் சொல்வார்களா? வாங்கில் இருந்து கதைக்கும்போது "நான் முதலாளியைப் பேய்க்காட்டிப்போட்டு வந்தனான்" என்றா சொல்லுவான்? சொல்லியிருக்க மாட்டான் என்று நூற்றுக்கு நூறு உறுதியில்லை. ஆனால் கையில் வேறு ஒன்றும் இல்லை.

கடைக்கு ஓடி வந்து வதனிக்கு எடுத்தேன். ஓட்டம் என்றால் என் வயதுக்கு அது ஓட்டம்.

"அவன் திருப்பி எடுத்தால் ஒண்டே ஒண்டு கேள். வேலை செய்யிற இடத்திலை எங்கை போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தவர், அண்ணாட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ எண்டு கேள். என்ன சொல்லுறான் எண்டதை விட எப்பிடிச் சொல்லுறான் எண்டு கவனி. கேட்டுப்போட்டு வாறன் எண்டு சொன்னால் எனக்குச் சொல்லு. யோசிக்க வேணும்."

அப்படிக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் எனக்கு உண்மையிலேயே பயம் வந்திருக்கும். பக்கத்தில் ஆள் இருக்கிறவன்தான் கேட்டுவிட்டு வருவான். நான் போனை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு மனிதர் மதுரைக்கு விலை கேட்டு வந்தார். அவரிடம் என்ன விலை சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. குறைத்துத்தான் சொல்லியிருப்பேன், சந்தோஷமாகப் போனார்.

வதனி எடுத்தாள். குரலே மாறியிருந்தது.

"கேட்டனான் அக்கா. கேட்ட உடனே சொன்னவன். அம்மாவைப் பாக்க இந்தியாவுக்குப் போறன் எண்டுதான் சொல்லிப்போட்டு வந்தவராம்."

"உடனேயோ?"

"உடனே. மூச்சும் விடேல்லை."

"அப்ப உன்ரை அண்ணா அவனுக்குப் பக்கத்திலை இல்லை, பிள்ளை. அண்ணா முதலாளிக்குச் சொன்னது லியோனுக்குக் கலியாணத்துக்குப் போறன் எண்டு. அம்மாட்டைச் சொல்லு, காப்பைத் திருப்பிப் போடச் சொல்லு."

அம்மா போடவில்லையாம். கண்ணால் கண்ட பிறகுதான் போடுவேன் என்று சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. என் யோசனை ஒரு யோசனைதானே தவிர சாட்சி இல்லை. பின்னேரம் மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்து லொட்ஜ் வாசலில் நின்று, அறை நம்பர் கேட்டிருக்கிறான். "உட்காருங்க தம்பி, ஸ்டேஷன்ல இருந்து ஒருத்தர் வர்றாரு, அவர்கிட்டயே பேசிக்கலாம்" என்று லொட்ஜ்காரர் சொன்னதும் வண்டியை அணைக்காமலே போய்விட்டான். ஸ்டேஷனில் இருந்து யாரும் வரவில்லை. அந்த மனுசனுக்குச் சுவாமி நல்ல ஆயுளைக் கொடுக்கட்டும்.

அடுத்த நாள் ஜெயசீலன் போய் இறங்கினான். ஒன்றும் நடக்கவில்லை அவனுக்கு. முழுநாளும் விமான நிலையத்து வாங்கில் சுருண்டு படுத்திருந்திருக்கிறான். போன் கொடுத்து உதவிய அந்த நல்ல மனிதர் "புத்தகத்தைத் தாங்கோ, கவுண்டரிலை கதைச்சு உங்களுக்கு முந்தின பிளேன் எடுத்துத் தாறன்" என்று கேட்டாராம். நான் பயமுறுத்தி அனுப்பியதால் கொடுக்கவில்லையாம். கொடுக்காத கோபத்தில்தான் அவர் அம்மாவின் காப்புக்குத் திரும்பியிருப்பார். இவனோ, "நல்ல மனுசன் அக்கா, எங்கடை பக்கத்து ஊர், போனெல்லாம் தந்தவர்" என்று வதனி சொல்லும்வரை நம்பிக்கொண்டிருந்தானாம். திருச்சி விமான நிலையத்தில் அம்மா முதலில் அவன் கன்னத்தில் ஒன்று போட்டுவிட்டுத்தான் கட்டிப்பிடித்தாராம். நாலு வருடத்துக்குப் பிறகு பார்க்கும் தாய் போட்ட முதல் அடி. சரியான இடத்தில் விழுந்த அடி.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அவன் திரும்பி வந்த அன்று கடைக்கு வந்தான். அம்மா அவனுக்கென்று கையால் வறுத்து இடித்துக் கொண்டுவந்த மிளகாய்த்தூளில் எனக்கும் ஒரு பை கொடுத்து விட்டிருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான். இருக்கை சரியில்லை என்று ஏசுவான் என்று காத்திருந்தேன்.

"அக்கா, நான் வெளிக்கிடேக்கை எயர்போட் வாசலிலை அம்மா ஒரு கேள்வி கேட்டவ."

"என்ன?"

"எங்கை போறாய் எண்டு."

நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன்.

"ஓம் அக்கா. என்ரை அம்மா. வதனியே திடுக்கிட்டுப் போனாள். சின்னனிலை, பள்ளிக்கூடம் வெளிக்கிடேக்கை நான் வதனியைப் பாத்து எங்கை எண்டு கேட்டதுக்கு அகப்பைக் காம்பாலை அடிச்ச மனுசி."

அவன் குரல் இறங்கியது. அவனுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடைசிச் சண்டை நேரம், பங்கருக்குள் இருந்து எழும்பி, "போட்டு வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அம்மா எங்கே என்று கேட்கவில்லை. போகிற பிள்ளையைக் கேட்கக் கூடாது என்றுதான் கேட்கவில்லை. அவன் வரவில்லை. எந்தப் பக்கம் போனான், தண்ணிக்குப் போனானா, அரிசிக்குப் போனானா, யாரைத் தேடிப் போனான், ஒன்றும் தெரியாது. யாரிடம் போய் விசாரித்தாலும் முதல் கேள்வி அதுதானாம்: கடைசியாக எங்கே போனார்? அந்த ஒரு கேள்விக்கு அந்தத் தாயிடம் பதில் இல்லை.

"அதுதான் இந்தமுறை கேட்டவவாம். நான் எல்லாம் சொன்னனான் அக்கா. எந்தப் பிளேன், எங்கை மாறுறது, எவ்வளவு நேரம் நிக்கும், பாரிசிலை இறங்கி எந்த ரயில், எந்த ஸ்டேசன், தெரு, எத்தினையாம் மாடி. அவ ஒவ்வொண்டாத் திருப்பிச் சொன்னவ. கார் து நோர் எண்டு சொல்ல வரேல்லை, மூண்டு தரம் சொல்லிப் பாத்தவ. எல்லாம் சரியாச் சொன்ன பிறகுதான், சரி, போட்டு வா எண்டு கையை விட்டவ."

எனக்கு அழுகை வந்தது. கணினியைப் பார்ப்பதுபோலப் பாவனை காட்டவும் முடியவில்லை. அவன் மேசையில் இருந்த கடதாசியை எடுத்து எனக்கு நீட்டினான். விலைப் பட்டியல் அடித்த கடதாசி. அதிலேயே மூக்கைத் துடைத்தேன்.

அன்றிலிருந்து நான் எல்லாரையும் கேட்டேன். எங்கே போகிறீர்கள், அது வேறு யாருக்குத் தெரியும்? உங்கள் போன் செத்தால் நான் யாருக்கு எடுப்பது? பலருக்குப் பிடிக்கவில்லை. "வெளிக்கிடேக்கை இப்பிடிக் கேக்கிறியள், காரியம் சரிவராது" என்று எழுந்து போனவர்களும் உண்டு. போனால் போகட்டும், எதிர்க் கடையிலும் ரிக்கெட் விற்கிறார்கள். நீங்கள் மூவரும் கேளுங்கள். பிரெஞ்சில் கேட்டாலும் பரவாயில்லை. ஊர் முழுக்கச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. வாங்கில் பக்கத்தில் இருக்கிறவருக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. உள்ளன்போடு காத்திருக்கும் ஒரு ஆளுக்கு எல்லாம் தெரிந்திருந்தால் போதும்.

வேலையை விட்ட பிறகு நான் பாரிசுக்கு வெளியே பொண்டியில் வீட்டோடு இருக்கிறேன். முழங்கால் சரியில்லை. ஜெயசீலன் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கறியோடு வருவான், சோறு நான் வடித்து வைப்பேன். இப்போது அவனுக்குச் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை, மனைவி, இரண்டு பிள்ளைகள். கார் து நோரில் இருந்து பொண்டிக்கு ரயிலில் அதிக நேரம் எடுக்காது. ஆனால் ஏறுமுன் ஒரு போன் போகும், இறங்கியதும் இன்னொன்று போகும். ஒருமுறை ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. அவன் எங்கே என்று தெரியாமல் நான் யன்னலால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க, என் போன் அடித்தது. கிளிநொச்சியில் இருந்து அம்மா.

"பிள்ளை, அவன் பந்தான் ஸ்டேசனிலை நிக்கிறான். ரயில் பழுதாம். சோத்தை ஆறவிடாமல் மூடி வையுங்கோ" என்றார்.